இடக்கைச் சுற்று

பிரிச்சுப்பார் என்று ஒரு மனிதருக்குப் பெயர் இருக்குமா என்றால், இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் பிரிச்சுப்பார் அண்ணன்தான். வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது தொழில். என்ஜின், பிரேக் என்று யாராவது வாயெடுத்தால் "அதுக்கெல்லாம் எதிர்க்கடை" என்று ஸ்க்ரூடிரைவரால் வழிகாட்டுவார். ஹார்ன், வைப்பர், உள்ளே எரியும் லைட், ரேடியோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் என்று, வண்டி ஓடுவதற்கு அவசியமில்லாத, ஆனால் கெட்டுப்போனால் வண்டிக்காரனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிற சாமான்கள் எல்லாம் அவர் ஆட்சிக்கு உட்பட்டவை. அதிலும் வயதான வண்டிகள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். புது வண்டி தன் கோளாறைத் தானே திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது, பழைய வண்டியைத்தான் கெஞ்சிக் கேட்க வேண்டும் என்பார்.

வருகிறவர்கள் எல்லோரும் வியாதியோடு மருந்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

"அண்ணே, ஹார்ன் போயிடுச்சு. வேற ஹார்ன் மாட்டிடுங்க."

"பிரிச்சுப் பார்த்தியா?"

"இல்ல, ஆனா அது ஹார்ன்தாண்ணே."

"எப்படித் தெரியும்? ஹார்ன் கனவுல வந்து சொல்லுச்சா?"

கழற்றிப் பார்த்தால் ஹார்ன் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயோ ஒரு வயர் அறுந்திருக்கும். அப்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. கடைப் பலகையிலேயே அதை எழுதி வைத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வண்டியின் டாஷ்போர்டைத் திறந்தாலும் முதல் வேலை, இதற்கு முன் அதில் கை வைத்தவனைத் திட்டுவது. தொழில் தெரிந்த எல்லோரும் செய்வதுதான். தையல்காரர் பழைய தையலைப் பிரிக்கும்போது முணுமுணுப்பதில்லையா? ஆனால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், இவர் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். மூக்கின் மேல் கோபம். பக்கத்தில் உதிரிபாகம் விற்கும் பார்ட்ஸ்கடைக்காரருக்கு அதுதான் பொழுதுபோக்கு. வியாபாரம் இல்லாத நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "இன்னிக்கு யாருண்ணே மாட்டினான்?" என்று எடுத்துக் கொடுப்பார்.

பிரிச்சுப்பாருக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வீட்டில் சிறு வயதிலேயே திருத்தி வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை மட்டும் மாற்ற முடியவில்லை. வயரை முறுக்கி இணைத்து அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றும்போது, உலகம் ஒரு பக்கமாகச் சுற்றினால் இவர் மறு பக்கமாகச் சுற்றுவார். அதனாலேயே மற்றவர்கள் சுற்றிய டேப்பைப் பிரிப்பது அவருக்கு எரிச்சல் பிடித்த வேலை. கையை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, நகத்தால் நுனியைத் தேடி, அதற்குள் இரண்டு வசவு விழுந்துவிடும்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்றால் இப்போதும் இருக்கிறான். ஊரின் மறுகோடியில் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் வேலை பார்த்தார்கள். தம்பி பத்து வயது இளையவன். வாய் பேசாது, கைதான் பேசும். பகலில் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அடுக்கில் சாப்பாடு எடுத்துவருவாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு போவாள். அந்தச் சமயத்தில் ஒரு டாக்டருடைய வெள்ளை வேனுக்கு டாஷ்போர்டில் ஒரு சின்ன ஃபேனும், போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு சாக்கெட்டும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் போனது. ஓடிக்கொண்டிருந்த வேனில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பியது. உள்ளே டாக்டரின் கைக்குழந்தைப் பேத்தி இருந்தாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் மறுநாள் மத்தியானம் டிரைவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். வேனை வேறு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். ஃபேனுக்குப் போகிற லைனில் ஃப்யூஸே இல்லையாம். டைரக்டாகக் கரன்ட் கொடுத்திருக்கிறதாம். வயர் எங்கோ உரசியதும் தடுக்க ஆளில்லாமல் எரிந்திருக்கிறதாம்.

ஃப்யூஸ் இல்லாமல் டைரக்ட் கொடுப்பது இந்தத் தொழிலில் செய்யக்கூடாத காரியம். அண்ணன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினார். "அவசரக்குடுக்கை! நீதானே டைரக்ட் கொடுத்தே?" என்றார். தம்பி, "நான் சாக்கெட்டுக்கு மட்டும்தாண்ணே லைன் இழுத்தேன்" என்றான். "பொய் வேறயா? ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்துட்டு நிக்கிறே" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் பார்ட்ஸ்கடைக்காரரும், எதிரே டயருக்குப் பஞ்சர் ஒட்டுபவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தம்பி தன் பிளையரையும் டெஸ்டரையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை. அம்மாவும் கொஞ்ச நாளில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் காலமானபோது இருவரும் பாடையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைக் கேட்பவர்களிடம் பிரிச்சுப்பார், "தப்பு பண்ணினது அவன், ரோஷம் பண்றதும் அவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படித்தான் நம்பியும் இருந்தார்.

மழைக்காலம் தொடங்கப்போகிற ஒரு காலை, பச்சை நிற வேன் ஒன்றைத் தெருக்காரர்கள் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்கள். பின்னால் ஏழெட்டுத் தொட்டிகளில் குரோட்டன்ஸ் செடிகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கிலிருந்து இறங்கியது நர்சரி வைத்திருக்கும் செடிக்காரம்மா. வேனை மூன்றாவது கையாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"அண்ணே, மூணு இடத்துல காட்டிட்டேன். பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லாத குறைதான். காலைல பேட்டரி செத்துக் கிடக்குது. சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ஆனா ஹார்ன் அடிச்சா வைப்பர் எந்திரிச்சு ஒரு சலாம் போட்டுட்டுப் படுத்துக்குது. எதிர்ல வர்றவன் சிரிக்கிறான்."

"வைப்பர் போட்டா?"

"வைப்பர் போட்டா உள்ள லைட் மினுக் மினுக்குன்னு எரியுது. மழை வந்தா வண்டிய எடுக்கவே பயமா இருக்கு. எனக்கு இந்த மாசம்தான் வியாபாரமே."

பிரிச்சுப்பாருக்குக் குஷி பிறந்துவிட்டது. பேய்களை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்துக்கு எட்டுப் பேய் எர்த் கோளாறுதான். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரன்ட் ஹார்னில் வேலை முடித்ததும் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக வீடு திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் துரு ஏறி வழி அடைபட்டால் அது சும்மா நிற்காது. பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கே தூங்குகிறவரை மிதித்து எழுப்பிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போகும். இந்த வேனில் மிதிபட்டவர் வைப்பர். அவ்வளவுதான் விஷயம்.

டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆறேழு வயர்கள் ஒரே போல்ட்டில் வந்து சேரும் இடத்தைப் பிடித்தார். முன் கண்ணாடியின் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, போல்ட் துருப்பிடித்துப் பொரிந்து கிடந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, புது போல்ட் வைத்து முறுக்கினார். வேறு பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, "ஹார்ன் அடிங்கம்மா" என்றார். ஹார்ன் அலறியது. வைப்பர் அசையவில்லை. செடிக்காரம்மா கைதட்டாத குறை.

"மூணு பேர் பார்த்தாங்களே, எந்த மூணு மகானுபாவங்க?" என்று அவர் தொடங்கியதும், பார்ட்ஸ்கடைக்காரர் ஸ்டூலோடு வந்துவிட்டார்.

அடுத்தது பேட்டரி. வண்டியை முழுக்க அணைத்து, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் பிடித்தார். எல்லாம் அணைந்த வண்டியில் இந்தச் சின்ன பல்பு எரியக் கூடாது. எரிந்தது. மங்கலாக, ஆனால் விடாமல் எரிந்தது. யாரோ திருட்டுத்தனமாகக் கரன்டைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினார். திருடன் இருக்கும் லைனின் ஃப்யூஸைப் பிடுங்கும்போது பல்பு அணைந்துவிடும். ஹார்ன் ஃப்யூஸ், ரேடியோ ஃப்யூஸ், லைட் ஃப்யூஸ். கடைசி ஃப்யூஸையும் பிடுங்கியாயிற்று. பல்பு அசராமல் எரிந்தது.

"டைரக்ட்!" என்று பிரிச்சுப்பார் கத்தினார். "எவனோ படுபாவி ஃப்யூஸே இல்லாம டைரக்ட் இழுத்திருக்கான்யா! இவனுக்கெல்லாம் எவன் பிளையர் வாங்கிக் கொடுத்தது? இதைப் பண்ணின கையை முறிச்சு அடுப்புல வெக்கணும்!"

"யாருண்ணே அந்தப் புண்ணியவான்?" என்றார் பார்ட்ஸ்கடைக்காரர்.

"இரு, பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுபடி உள்ளே போனார். ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீரும் தொட்டி மண்ணும் சேர்ந்து டாஷ்போர்டின் மூலையில் சேறு கட்டியிருந்தது. அதில் ஒரு வயரின் அறுபட்ட நுனி புதைந்து கிடந்தது. நுனியில் யாரோ டேப் சுற்றியிருந்தார்கள், அது உரிந்து போயிருந்தது. ஈரச் சேறு வழியாகக் கரன்ட் கசிந்துகொண்டிருக்கிறது, திருடன் அகப்பட்டான். அந்த நுனி டேப்பைப் பிரிக்க வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பி, வழக்கம்போல வைதார். பிறகு அந்த வயர் எங்கிருந்து புறப்படுகிறது என்று விரலால் தடவிக்கொண்டே மேலே போனார். சாவித் துவாரத்தின் பின்பக்கம் தடித்த வயரில் ஓர் இணைப்பு இருந்தது. மேலே பழைய டேப், மூன்று அடுக்கு, இழுத்து இழுத்துச் சுற்றியது. நுனியைத் தேடி இழுத்தார்.

டேப் சுலபமாக வந்தது.

கை மடங்கவில்லை, மணிக்கட்டு திரும்பவில்லை. நகம் வைக்கவேண்டிய இடத்தில் நுனி காத்துக்கொண்டிருந்தது. இடது கை அது பாட்டுக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று பிரித்துக்கொண்டே போனது. முப்பது வருஷத் தொழிலில் இன்னொருவர் சுற்றிய டேப் இப்படி அவர் கைக்கு வளைந்து கொடுத்ததே இல்லை. கை நின்றுவிட்டது. வாயிலிருந்த டார்ச் நழுவி மார்பில் விழுந்தது.

வெளியே வந்து வேனைப் புதிதாகப் பார்த்தார். டாஷ்போர்டின் மேல், இடது ஓரத்தில், மெழுகு அடைத்த இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள். கட்டைவிரலை நடுவே வைத்துப் பார்த்தார். ஒரு கட்டைவிரல் அகலம். சின்ன ஃபேனின் கால் அளவு. டிரைவர் கதவைத் திறந்து கீல் பக்கம் குனிந்தார். பச்சைப் பெயின்ட் எட்டாத இடத்தில் வெள்ளை தெரிந்தது.

அந்த நாள் இப்போது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்ததோ, முழுசாக வந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக, இப்போதைக்கு என்று சொல்லிக்கொண்டே பிரிச்சுப்பார்தான் சாவி வயரிலிருந்து லைன் எடுத்தார். பிறகு ஃப்யூஸ் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஃபேன் ஓடியது. குளுகுளு என்று இருக்கிறது என்று டாக்டர் சிரித்தார். வண்டி போய்விட்டது. மறுபுறம் உட்கார்ந்து சாக்கெட்டுக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்த தம்பி, அதற்கு ஒழுங்காக ஃப்யூஸ் போட்டிருந்தான். அது இன்றைக்கும் அங்கேயே இருந்தது, சற்று முன்தான் அவரே அதைப் பிடுங்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, யாருன்னு தெரிஞ்சுதா?" என்று பார்ட்ஸ்கடைக்காரர் ஆவலோடு கேட்டார்.

பிரிச்சுப்பார் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "யாரோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பிறகு ரொம்ப வெட்கப்பட்டார். ஆனால் அந்த நேரத்தில் அதுதான் வந்தது. அவர் திட்டாமல் திரும்ப உள்ளே போனதைப் பார்த்து, உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பார்ட்ஸ்கடைக்காரர் தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிரிச்சுப்பார் அந்த லைனை வேரோடு எடுத்தார். சாவி வயரைச் சுத்தமாகக் கட்டினார். கண்ணாடி ரப்பரின் இடுக்கை அடைத்தார். டெஸ்ட் லாம்பைத் திரும்பப் பிடித்தபோது பல்பு எரியவில்லை. செடிக்காரம்மா வண்டியை எடுக்கும்போது சந்தோஷத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வீடு கடைக்கு மேலே. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, எடுத்த வயரை மடியில் வைத்துக்கொண்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியோடு நின்றபடியே கேட்டாள்.

"அப்ப, உங்க தம்பி சொன்னது நிஜம்."

"ம்."

"நீங்க பிரிச்சுப் பார்க்கல."

"வேன் வேற ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சு."

"எத்தனை தூரம்?"

ஒரு பஸ் நிறுத்த தூரம். தனக்கு அப்போது உண்மையிலேயே ஞாபகம் இல்லையா, அல்லது ஞாபகம் வந்துவிடும் என்று பயந்துதான் அவ்வளவு சத்தம் போட்டாரா என்று யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அது பிடிபடவில்லை. வண்டியாக இருந்தால் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்திருக்கலாம்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் மனைவி. ஓர்ப்படியான தம்பி மனைவியோடு அவள் இத்தனை வருஷமும் போனில் பேசிக்கொண்டிருந்தவள். தம்பிக்கு எந்த ஷிஃப்ட் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

டிப்போவில் ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பி கதவு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான், எழுந்திருக்கவில்லை. பிரிச்சுப்பார் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து வயரை எடுத்து நீட்டினார். பிரிக்காமல் விட்டிருந்த கடைசி இரண்டு சுற்று டேப் அதில் அப்படியே இருந்தது.

தம்பி அதை வாங்கி ஒரு முறை திருப்பினான். "டாக்டர் வேன்" என்றான்.

"நான்தாண்டா கொடுத்திருக்கேன். டைரக்ட். நான்தான்."

"தெரியும்ணே."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்குச் சாயங்காலமே அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உள்ள தலைய விட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உன் சுத்து எனக்குத் தெரியாதா? அந்த ஆளு லைனை முழுசா எடுத்துடறேன்னு சொன்னான். எடுக்கல பாரு, நுனிய மட்டும் வெட்டி விட்டிருக்கான்."

"தெரிஞ்சும் ஏண்டா வந்து சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பலகையில உன் பேரு. டாக்டர் அந்த ஆத்திரத்துல இருந்தாரு. அப்புறம் எனக்கும் ரோஷம்தான், இல்லன்னு சொல்லமாட்டேன். டைரக்ட் கொடுத்ததுகூடப் பெரிசில்லண்ணே, யாரு கொடுக்கல? ஊருக்கெல்லாம் பிரிச்சுப் பார்த்தியான்னு கேக்கிறவன், என்ன மட்டும் பிரிக்காமலே தூக்கிப் போட்டுட்டே. என்னிக்காவது ஒரு நாள் நீயா பிரிச்சுப் பார்ப்பேன்னு இருந்தேன். பதினோரு வருஷம் ஆகும்னு நெனக்கல."

பிரிச்சுப்பார் நின்றுகொண்டே இருந்தார். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அண்ணன் தம்பிகள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. அவர் சொன்னார். தம்பி மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இங்க வந்து தனியா சொல்றே. அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னே?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

திரும்பி வரும் வழியில் பிரிச்சுப்பார் விரல்விட்டு எண்ணினார். டாக்டர், டிரைவர், பார்ட்ஸ்கடைக்காரர், டயர்காரர். நான்கு பேர். நான்கு பேரிடமும் சொல்வது என்று முடிவு செய்தார். அவருக்கு அது சாதாரண காரியம் இல்லை. இத்தனை வருஷம் தெருவுக்கே கேட்கும்படி அடுத்தவனைத் திட்டிய வாய்.

மறுநாள் காலையில் முதலில் டயர்காரர். "அப்படியா? நான் உங்க தம்பி வேற வேலை கெடைச்சுப் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்" என்றார். பார்ட்ஸ்கடைக்காரரிடம், "நேத்து யாரோன்னு சொன்னேனே, அந்தப் படுபாவி நான்தான்யா, தம்பி இல்ல" என்று தெருவில் நின்று சத்தமாகவே சொன்னார். அவர் சிரிக்கத் தொடங்கி, அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய சண்டையா? மறந்தே போச்சேண்ணே" என்றார். டிரைவர் இப்போது ஒரு மரக்கடையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஃபேனின் காற்று மட்டும்தான் ஞாபகம் இருந்தது. டாக்டர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். பிரிச்சுப்பார் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றபடி முழுவதையும் சொல்லி முடித்தார். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "எந்த வேன்?" என்று கேட்டார்.

எதற்காக ஒரு தம்பியைப் பதினோரு வருஷம் இழந்தாரோ, அந்த விஷயம் யார் நினைவிலும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆறுதலோடேயே டிப்போவில் இறங்கினார்.

தம்பி இன்னொரு பஸ்ஸின் கீழே இருந்தான். பிரிச்சுப்பார் குனிந்து, கொஞ்சம் உற்சாகமாகவே, "நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேண்டா. ஒருத்தருக்கும் ஞாபகமே இல்ல" என்றார்.

தம்பி வெளியே வந்தான். கையைக் கழிவுத்துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அஞ்சு பேர்ணே."

"அஞ்சா? யாரு?"

"அப்ப மணி என்ன?"

பிரிச்சுப்பாருக்கு உடனே புரியவில்லை. மத்தியானம். டாக்டர் கத்துகிறார், இவர் கத்துகிறார், தம்பி பையை எடுக்கிறான். வாசலில், டயர்காரருக்குப் பின்னால், அடுக்குப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா.

"அம்மாவுக்கு மட்டும் மறக்கல" என்றான் தம்பி. "நான் தினம் டிப்போவுக்குக் கெளம்பறப்போ வாசல் வரைக்கும் வருவாங்க. ‘ஃப்யூஸ் போட்டுட்டியான்னு ஒரு தடவ பார்த்துக்கடா, குழந்தைங்க போற வண்டி’ன்னு சொல்வாங்க. ஏழு வருஷம். முடியாமப் படுத்தப்புறம் கட்டில்ல இருந்தே சொல்வாங்க."

"நீ அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா. உன் மேல தப்பில்லன்னு."

"சொல்லியிருந்தா உன்ன நெனச்சு அழுதிருப்பாங்க. குழந்தை விஷயத்துல தப்பும் பண்ணிட்டு, தம்பி மேல பழியையும் போட்டுட்டான் பெரியவன்னு. என் மேலன்னா ஒரு வார்த்தையோட போயிடும்."

"நீ என்ன சொல்வே?"

"சரிம்மான்னு சொல்வேன்."

பிரிச்சுப்பார் பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்தார். டிப்போவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பொருட்படுத்தாமல் வாய்விட்டு அழுதார். தம்பி அவரைத் தேற்றவில்லை. விட்டுப் போகவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கழிவுத்துணியில் சுத்தமாக இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தான்.